பாட்டுக்குக் கோடு வரைந்த துறவி: அரெற்சோ நகர்க் குயிதோவின் வாழ்க்கை



வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சற்று நேரம் தரித்து நின்று, ஓர்கன் வாசிப்பவரின் முன்னால் விரித்து வைத்திருக்கும் புத்தகத்தை எட்டிப் பாருங்கள். ஐந்து கோடுகள், அக்கோடுகளின் மேலும் அவற்றின் இடையிலும் கறுப்புத் தலைகள், வெள்ளைத் தலைகள், கோட்டின் தொடக்கத்திலே சுருண்டு நெளிந்த ஓர் அடையாளம். பழக்கமில்லாத கண்ணுக்கு அது எறும்பு ஊர்ந்த தடம் போலத் தோன்றும். பழகிய கண்ணுக்கோ, அதுவரை காதால் கேட்டிராத ஒரு பாட்டு அந்தத் தாளிலிருந்து எழுந்து ஒலிக்கும்.

உங்கள் பிள்ளைகளில் ஒருவர் பியானோவோ வயலினோ கற்கத் தொடங்கியிருந்தால், டோ, றே, மீ, பா, சோ, லா என்று வீட்டிலே முணுமுணுப்பதையும் கேட்டிருப்பீர்கள். பாட்டை எழுதும் இந்தக் கோடுகளுக்கும் பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் இந்த அசைகளுக்கும் மூலவர் ஒருவரே. அவர் அரண்மனை வித்துவான் அல்லர். திருச்சபையின் மடமொன்றிலே செபித்து, சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, அதற்காகவே சகோதரத் துறவிகளின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்ட ஓர் எளிய துறவி. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டில் வாழ்ந்த குயிதோ என்பவரே அவர். அவருடைய வாழ்க்கையை இன்று சிறிது தெரிந்துகொள்வோம்.

ஏட்டில் எழுத முடியாத இசை

குயிதோ செய்ததன் அருமையை அறிய வேண்டுமானால், அவர் பிறப்பதற்கு முந்திய நிலைமையை அறிய வேண்டும். 636-ஆம் ஆண்டில் இறந்த செவில் நகர் மேற்றிராணியாரான புனித இசிதோர், தம் காலத்து அறிவையெல்லாம் திரட்டி எழுதிய பெருநூலிலே, இசை எழுதி வைக்க முடியாத பொருள் என்றும், மனிதரின் நினைவிலே தங்காவிட்டால் அது அழிந்தே போகுமென்றும் குறித்துள்ளார். அக்காலத்திலே அது முற்றிலும் உண்மை.

மடங்களிலே இரவும் பகலும் குறித்த வேளைகளில் செபம் பாடப்பட்டது. சங்கீதங்கள், பல்லவிகள், பதிலுரைப் பாடல்கள், திருப்பலிப் பாடல்கள் என, ஆண்டு முழுவதற்குமான பாட்டுக்களின் தொகை மிகப் பெரியது. அத்தனையையும் ஒரு துறவி மனனஞ் செய்ய வேண்டும். குரு பாட, மாணவன் கேட்டுப் பாட, மறந்தால் திரும்பவும் குருவிடமே போய் நிற்க, இப்படியே பத்து ஆண்டுகள் கழிந்தாலும் ஒருவன் பூரணமான பாடகன் ஆவது அரிது.

9-ஆம் நூற்றாண்டளவில் பாட்டின் சொற்களுக்கு மேலே சிறு சிறு கீறல்களை இடும் வழக்கம் வந்தது. குரல் இங்கே ஏறுகிறது, இங்கே இறங்குகிறது என்று அவை காட்டின. ஆனால் எத்தனை படி ஏற வேண்டும், எத்தனை படி இறங்க வேண்டும் என்பதை அவை சொல்லவில்லை. பாட்டை ஏற்கெனவே அறிந்தவனுக்கு அவை ஞாபகக் குறிப்பு. அறியாதவனுக்கு அவற்றால் பயனில்லை. ஆகவே ஒரே பாட்டு ஒரு மடத்தில் ஒரு மாதிரியும், அயல் மடத்தில் இன்னொரு மாதிரியும் ஒலித்தது. யாருடைய பாட்டுச் சரி என்ற தர்க்கமும் தீரவில்லை.

பொம்போசா மடத்தில்

குயிதோ 10-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்து ஆண்டுகளில் பிறந்தவர் என்று கருதப்படுகிறது. இத்தாலியின் கிழக்குக் கரையிலே, போ நதி கடலோடு கலக்கும் சதுப்பு நிலத்தின் அருகே, பெராரா நகரிலிருந்து கடல் நோக்கிச் செல்லும் வழியில் பொம்போசா என்ற இடத்திலே புனித ஆசீர்வாதப்பர் சபையினரின் மடம் ஒன்று இருந்தது. இன்று அங்கு செல்பவர்களைத் தூரத்திலிருந்தே வரவேற்கும் உயர்ந்த மணிக்கோபுரம் 1063-ஆம் ஆண்டில் எழுந்தது. குயிதோ அங்கு வாழ்ந்த நாட்களில் அது இருக்கவில்லை. இந்த மடத்திலேதான் அவர் கல்வி கற்றார், துறவியானார், பாடகர்களைப் பயிற்றும் பணியையும் ஏற்றார்.

அந்தப் பணியிலே அவர் கண்டதென்ன? பிள்ளைகள் அழுதழுது மனனஞ் செய்கிறார்கள். குரு இல்லாதபோது ஒரு சிறு பல்லவியைத் தானும் புதிதாகப் பாட அவர்களால் முடியவில்லை. நூறு ஆண்டுகள் இப்படியே படித்தாலும் முடியாது என்று அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அதைவிட ஆழமான இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. பாட்டை மனனஞ் செய்வதிலேயே துறவிகளின் காலமெல்லாம் போய்விட்டால், வேதாகமத்தைத் தியானிக்க நேரம் ஏது? பிறருக்கு நன்மை செய்ய நேரம் ஏது? உருக்கமாகச் செபிக்கத்தான் நேரம் ஏது? குயிதோ இசையைச் சீர்திருத்த முன்வந்தது இசைப் பற்றினால் மட்டுமன்று. ஆன்மாக்களின் மேலிருந்த அக்கறையினாலும் என்பதை நாம் மறக்கலாகாது.

மிக்கேல் என்ற சகோதரத் துறவி அவருக்குத் துணை நின்றார். இருவரும் சேர்ந்து, பல்லவிப் பாடல்களைப் புதிய முறையிலே எழுதத் தொடங்கினர். அந்த ஏட்டைப் பார்த்துப் பாடப் பழகிய சிறுவர் சிலர், ஒரு மாதம் முடிவதற்குள் கண்டும் கேட்டுமிராத பாட்டுக்களைத் தடையின்றிப் பாடினர்.

இதைக் கண்டு மடத்தார் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? நடந்ததோ வேறு. பல ஆண்டுகள் வருந்தித் தாம் கற்றதை ஒரு சிறுவன் சில வாரங்களிலே கற்றுவிடுவதைப் பொறுக்க மாட்டாத சிலர் அங்கு இருந்தனர். பொறாமை மூண்டது, பேச்சுக்கள் எழுந்தன, மடாதிபதியின் மனமும் குயிதோவுக்கு எதிராகத் திரும்பியது. ஈற்றில் குயிதோ தாம் நேசித்த மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. மிக்கேலும் துன்பங்களுக்குத் தப்பவில்லை.

பிற்காலத்தில் மிக்கேலுக்கு எழுதிய கடிதமொன்றில் குயிதோ ஒரு பழங்கதையை நினைவுகூருகிறார். உடையாத கண்ணாடி செய்யும் வித்தையைக் கண்டுபிடித்த தொழிலாளி ஒருவன் அகுஸ்து இராயனிடம் பரிசு கிடைக்குமென்று நம்பிப் போனான். அந்தக் கண்ணாடி உலகிலே பரவினால் பொன்னுக்கும் வெள்ளிக்கும் மதிப்பில்லாமற் போகுமென்று எண்ணிய இராயன் அவனுக்குக் கொடுத்தது மரண தண்டனை. தம் நிலையும் அதுவே என்று குயிதோ எண்ணினார். ஆயினும் அந்தக் கடிதத்திலே கசப்பு மேலோங்கவில்லை. தாம் கற்ற நன்மையைப் பிறருக்குக் கொடாது வைத்திருக்க மனம் இடந்தரவில்லை என்பதே அதன் சாரம்.

அரெற்சோவில் புகலிடம்

ஏறக்குறைய 1025-ஆம் ஆண்டில் குயிதோ இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள அரெற்சோ நகரை அடைந்தார். 1023 முதல் 1036 வரை அங்கு மேற்றிராணியாராக விளங்கியவர் தெயோதால்து. அவர் குயிதோவை ஏற்று, புனித தொனாத்துஸ் பேராலயத்தின் பாடகர்களைப் பயிற்றும் பொறுப்பை ஒப்படைத்தார். ஓரிடத்தில் தள்ளப்பட்டவருக்கு இன்னோரிடத்தில் கதவு திறந்தது. அரெற்சோ நகரின் பெயரோடு சேர்த்தே உலகம் இன்றும் அவரை அழைக்கிறது.

மேற்றிராணியாரின் விருப்பப்படி அவர் எழுதி அவருக்கே சமர்ப்பித்த நூல் மிக்றோலோகுஸ் எனப்படும். சிற்றுரை என்பது அதன் பொருள். 20 அதிகாரங்கள் கொண்ட அந்த நூல், ஒற்றைத் தந்தி பூட்டிய பெட்டியொன்றை வைத்து எந்த இடத்தில் தந்தியை நிறுத்தினால் எந்தச் சுரம் பிறக்கும் என்பதிலிருந்து தொடங்கி, நல்ல மெட்டு அமைப்பது எப்படி, இரண்டு குரல்கள் சேர்ந்து பாடுவது எப்படி என்பது வரை கற்பிக்கிறது. தத்துவ ஞானிகளுக்காகவன்றிப் பாடும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட நூல் என்பதால், அது ஐரோப்பாவெங்கும் மடம் மடமாகப் பிரதி பண்ணப்பட்டது.

கோடுகளின் இரகசியம்

வாசகர்களே, குயிதோ செய்த வேலை உண்மையில் மிக எளிது. எளிதாயிருப்பதே அதன் பெருமை. நீங்கள் ஒரு தாளை எடுத்து, நான்கு கோடுகளைச் சம இடைவெளி விட்டுக் கீறுங்கள். அடிக் கோடு ஒரு சுரம். அதற்கு மேலுள்ள இடைவெளி அடுத்த சுரம். இரண்டாம் கோடு அதற்கடுத்த சுரம். இப்படியே கோடும் வெளியும் மாறி மாறி, ஏணியில் ஏறுவதுபோலச் சுரங்கள் ஏறுகின்றன. முன்பு சொற்களின் மேலே அந்தரத்தில் மிதந்த கீறல்கள் இப்போது ஒவ்வொன்றும் தனக்குரிய படியிலே உட்கார்ந்துவிட்டன. எத்தனை படி ஏற வேண்டும் என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

ஆனால் ஏணியின் எந்தப் படி எந்தச் சுரம் என்று எப்படி அறிவது? அதற்கும் குயிதோ வழி செய்தார். சுரங்களுக்கு இலத்தீன் அகரவரிசையின் முதல் ஏழு எழுத்துக்களைப் பெயராக இடும் வழக்கம் முன்பே இருந்தது. கோட்டின் தொடக்கத்தில் அந்த எழுத்தை எழுதினார். அத்தோடு, எஃப் என்ற சுரத்தின் கோட்டைச் சிவப்பு மையினாலும், சீ என்ற சுரத்தின் கோட்டை மஞ்சள் மையினாலும் வரைந்தார். ஏன் இந்த இரண்டையும் தெரிந்தெடுத்தார்? சுரங்களுக்கிடையே உள்ள தூரம் எங்கும் ஒன்றல்ல. எஃப் சுரத்துக்கும் சீ சுரத்துக்கும் நேர் கீழேயுள்ள படிகள் மட்டும் அரைப்படிகள். பாடுகிறவர் பெரும்பாலும் தவறுவது அந்த இடங்களிலேதான். அங்கே வர்ணத்தால் எச்சரிக்கை கொடுத்தார் குயிதோ. மாணவன் தடுக்கி விழும் இடத்தை அறிந்திருந்தவர் அல்லவா அவர்!

அவருக்கு முன்னரும் ஒரு கோடு கீறி எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. சுரத்துக்கு எழுத்து இட்டவர்களும் உண்டு. அவற்றை ஒன்றுசேர்த்து, கோட்டையும் வெளியையும் எழுத்தையும் வர்ணத்தையும் ஒரே ஒழுங்கில் அமைத்து, ஒரு சிறுவன் தானாகவே வாசிக்கத்தக்கதாக்கிய பெருமையே குயிதோவுக்கு உரியது.

கோட்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய அந்த எழுத்துக்கள் இன்றும் அழியவில்லை. எழுதுவோரின் கைகளிலே நூற்றாண்டுதோறும் நெளிந்து வளைந்து, இன்று நாம் கிளெவ் என்று அழைக்கும் அடையாளங்களாகிவிட்டன. உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் சுருண்டு நிற்கும் திறெபிள் கிளெவ், ஜீ என்ற எழுத்தே. அதன் சுருள் கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்பதால், அந்தக் கோடு ஜீ சுரம். இரண்டு புள்ளிகளோடு காது போலத் தோன்றும் பேஸ் கிளெவ், எஃப் என்ற எழுத்தே. அந்த இரு புள்ளிகளுக்கும் நடுவே செல்லும் கோடு எஃப் சுரம்.

மூன்று நாட் பாடம்

எழுதியாயிற்று. எழுதியதை எப்படிக் குரலிலே கொண்டுவருவது? ஒவ்வொரு தடவையும் தந்திப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பது குழந்தைகளுக்கு மட்டுமே ஏற்ற தொடக்கப் பாடம் என்று குயிதோ நினைத்தார். சுரம் மாணவனின் உள்ளத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். அதற்காக அவர் தெரிந்தெடுத்தது, யூன் 24-ஆம் திகதி வரும் ஸ்நாபக அருளப்பரின் திருநாளுக்குரிய ஓர் இலத்தீன் கீதம்.

8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியாக்கோன் சின்னப்பர் என்ற துறவி அந்தக் கீதத்தை இயற்றினார் என்பது மரபு. பெரிய சனியன்று பாஸ்கு மெழுகுதிரியை வாழ்த்திப் பாட வேண்டிய வேளையில் அவருக்குக் குரல் கம்மிவிட்டதாகவும், அருளப்பரின் தந்தையாகிய சக்கரியாஸ் இழந்த பேச்சைத் திரும்பப் பெற்றதை நினைத்து அவர் இக்கீதத்தை எழுதியதாகவும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும், குரலுக்காக மன்றாடும் கீதம் ஒன்று பாட்டுப் பள்ளியின் முதற் பாடமாகியது பொருத்தமே.

அந்தக் கீதத்தின் மெட்டில் ஒரு விசேஷம் உண்டு. முதல் ஆறு அடிகளும், அடிக்கு ஒரு படியாக உயர்ந்த சுரத்தில் தொடங்குகின்றன. முதலாம் அடி சீ சுரத்தில் என்றால், இரண்டாம் அடி டீ சுரத்தில், மூன்றாம் அடி ஈ சுரத்தில், இப்படியே ஏ வரை. குயிதோவே இதற்காக இந்த மெட்டை அமைத்திருக்கலாம் என்று எண்ணுவோரும் உளர். அந்த ஆறு அடிகளின் முதல் அசைகள்: உத், றே, மீ, பா, சோல், லா. இந்தக் கீதத்தை நன்றாகப் பாடத் தெரிந்த பிள்ளை, சோல் என்றதும் ஐந்தாம் அடியின் தொடக்கத்தை நினைத்துக்கொள்ளும். சரியான சுரம் தானாகவே குரலில் வந்துவிடும். மீ என்பதற்கும் பா என்பதற்கும் இடையேதான் அரைப்படி வருகிறது. அந்த ஒன்றை மனத்தில் இருத்திவிட்டால் எஞ்சியவை எளிது.

இம்முறையிலே பழகிய சிறுவர்கள் மூன்று நாள் முடிவதற்குள்ளேயே, அறியாத பாட்டுக்களைத் துணிந்து பாடியதாக அவர் மிக்கேலுக்கு அறிவித்தார். பத்து ஆண்டில் அரைகுறையாகக் கைகூடிய கலை, இப்போது ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில், முழுமையாகக் கைகூடுகிறது.

ச, ரி, க, ம, ப, த, நி என்று கற்ற நமக்கு இந்த அசைமுறை அந்நியமானதன்று. இரண்டும் வெவ்வேறு நிலத்திலே வெவ்வேறு வழியில் வளர்ந்தவை. ஆயினும் சங்கராபரணத்தில் ச, ரி, க, ம பாடத் தெரிந்த பிள்ளைக்கு, காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய படியே குயிதோவின் மீ, பா என்று சொன்னால் உடனே விளங்கிவிடும்.

உத் என்பது பாடுவதற்கு வாய்திறவாத அசை. ஆகவே 17-ஆம் நூற்றாண்டளவில் இத்தாலியில் அது டோ ஆயிற்று. ஏழாவது சுரத்துக்குப் பெயரில்லாத குறையை நீக்க, இலத்தீனிலே ஸ்நாபக அருளப்பரைக் குறிக்கும் இரு சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து சீ என்று பின்வந்தோர் பெயரிட்டனர். ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் அதை தீ என்று மாற்றினர். விரல்களின் கணுக்களிலே சுரங்களை எண்ணிக் காட்டும் கைமுறை ஒன்றும் குயிதோவின் பெயரால் வழங்குகிறது. அவருடைய நூல்களில் அது காணப்படவில்லை. அவருக்குப் பின் வந்த ஆசிரியர்கள் அவர் மேலுள்ள மதிப்பினால் அவர் பெயரை இட்டனர்.

றோமாபுரியிலிருந்து அழைப்பு

அரெற்சோவின் சிறுவர்களைப் பற்றிய செய்தி றோமாபுரி வரை எட்டியது. 1024 முதல் 1032 வரை திருச்சபையை ஆண்ட பாப்பரசர் 19-ஆம் அருளப்பர், ஒன்றல்ல மூன்று தூதுவர்களை அனுப்பிக் குயிதோவை அழைப்பித்தார். ஏறக்குறைய 1028-ஆம் ஆண்டில், ஒரு மடாதிபதியும் அரெற்சோ பேராலயக் குருக்களின் தலைவரும் துணைவர, குயிதோ றோமாபுரிக்குப் பயணமானார்.

அங்கே நடந்ததை அவரே கடிதத்தில் விபரித்திருக்கிறார். பாப்பரசர் அந்தப் பல்லவி ஏட்டைக் கையிலெடுத்து, ஏதோ அற்புதத்தைக் காண்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னுரையிலிருந்த விதிகளை மீண்டும் மீண்டும் வாசித்தார். பின்பு தாம் ஒருபோதும் கேட்டிராத ஓர் அடியைத் தாமே பாடிக் கற்கும்வரை ஆசனத்தைவிட்டு எழவில்லை. மற்றவர்கள் சொன்னபோது நம்பச் சங்கடப்பட்டதைத் தம்முடைய குரலிலேயே கண்டு கொண்டார். திருச்சபையின் தலைவர், பாடற் சிறுவன் போல அமர்ந்து பாடங் கற்ற அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்!

பாப்பரசர் அவரை அங்கேயே தங்கித் தம் குருக்களுக்குக் கற்பிக்கும்படி கேட்டார். ஆனால் கோடைக் காலத்து றோமாபுரியின் வெப்பமும் சதுப்பு நிலக் காற்றும் குயிதோவின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோயுற்றார். மாரிகாலத்தில் திரும்பிவந்து கற்பிப்பதாக வாக்களித்து விடைபெற்றார்.

உடைந்த உறவு ஒட்டியது

றோமாபுரிப் பயணத்தின்போது அவருக்கு இன்னொரு சந்திப்பும் வாய்த்தது. பொம்போசா மடத்தின் மடாதிபதியைக் காணச் சென்றார். அந்த மடாதிபதியின் பெயரும் குயிதோ. அவர் 1046-இல் இறந்து, புனிதராக வணங்கப்படுபவர். முன்னாளிலே பொறாமைக்காரர் சொற்கேட்டு நம் குயிதோவை விலக்கிவிட்டவரும் அவரே. புனிதர்களும் மனிதர்களே, தவறான சொல்லைக் கேட்டுத் தவறாகத் தீர்ப்பிட அவர்களாலும் முடியும். ஆனால் தவறு தெரிந்தபோது அவர்கள் செய்வதிலேதான் அவர்களுடைய புனிதம் வெளிப்படுகிறது.

மடாதிபதி அந்த ஏட்டைப் பார்த்தார். பார்த்ததும் தாம் முன்பு எதிராளிகளின் பக்கம் சாய்ந்ததற்காக மனம் வருந்தினார். தம் கீழிருந்த துறவியிடம் மன்னிப்புக் கேட்கவும் அவர் வெட்கப்படவில்லை. மேற்றிராணியாரின் நகரத்தைவிட மடத்தின் அமைதியே துறவிக்கு உகந்தது என்று சொல்லி, பொம்போசாவுக்கே திரும்பி வரும்படி மன்றாடினார்.

பாப்பரசரின் பாராட்டைப் பெற்று வந்த ஒருவர், தம்மைத் துரத்தியவர்களை அந்த வேளையில் என்ன செய்திருக்கலாம்? ஏளனம் செய்திருக்கலாம், பழைய கணக்கைத் தீர்த்திருக்கலாம். குயிதோ அப்படிச் செய்யவில்லை. தந்தையின் அழைப்பைப் பிள்ளையின் மனத்தோடு ஏற்றார். மடத்துக்குத் திரும்பும் எண்ணத்தோடேயே அந்தப் பிரசித்தி பெற்ற கடிதத்தை மிக்கேலுக்கு எழுதினார். 1033-ஆம் ஆண்டுக்குப் பின் அவரைப் பற்றிய தெளிவான செய்தி ஏடுகளில் இல்லை. மடங்களின் அமைதிக்குள்ளே அவர் மறைந்துவிட்டார்; அவருடைய கோடுகளோ மலைகளையும் கடல்களையும் தாண்டிச் சென்றன.

பின்வந்தோர் சேர்த்தவை

குயிதோவின் கோடுகள் சுரத்தின் உயரத்தைக் காட்டின; அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டவில்லை. அந்தக் குறையை 13-ஆம் நூற்றாண்டில் கொலோன் நகர் பிராங்கோ என்பவரும் அவர்போன்ற பிறரும் நிரப்பினர். சுரத்தின் வடிவத்தைக் கொண்டே அதன் நீளத்தை அறியச் செய்தனர். பிள்ளைகளுக்கு உதவும் பொருட்டு, இன்றைய வழக்கைச் சுருக்கமாகத் தருகிறோம்.

காம்பில்லாத வெள்ளைத் தலை செமிபிறீவ். அதற்கு நான்கு எண்ணிக்கை. காம்புள்ள வெள்ளைத் தலை மினிம்; இரண்டு எண்ணிக்கை. காம்புள்ள கறுப்புத் தலை குறொச்செற், ஓர் எண்ணிக்கை. காம்பில் ஒரு வாலும் சேர்ந்தால் குவேவர், அரை எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் சமனாக மௌனத்தின் அடையாளமும் உண்டு. அது றெஸ்ற் எனப்படும். பாடாமல் நிற்கும் நேரமும் பாட்டின் பகுதியே.

கோடுகளைக் குறுக்கே வெட்டும் நிலைக்கோடு, தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் முடிந்ததைக் காட்டும். தொடக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதிய இரண்டு எண்களில், மேலுள்ளது ஓர் ஆவர்த்தனத்தில் எத்தனை எண்ணிக்கை என்பதையும், கீழுள்ளது எந்த வகைச் சுரம் ஓர் எண்ணிக்கை பெறும் என்பதையும் சொல்லும். மேலே 3, கீழே 4 என்றிருந்தால், ஓர் ஆவர்த்தனத்தில் மூன்று குறொச்செற் அளவு அடங்கும்.

ஷார்ப் அடையாளம் சுரத்தை அரைப்படி உயர்த்தும். பிளற் அடையாளம் அரைப்படி தாழ்த்தும். நச்சுரல் அடையாளம் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இவையும் மடத்துப் பாடகர்களின் சொத்தே. பீ சுரம் தாழ்ந்து ஒலிக்கும்போது அந்த எழுத்தை உருண்டையாகவும், இயல்பாக ஒலிக்கும்போது சதுரமாகவும் அவர்கள் எழுதினர். உருண்டை எழுத்துப் பிளற் ஆயிற்று. சதுர எழுத்திலிருந்து மற்றிரண்டும் பிறந்தன.

திறெபிள் கிளெவ் உள்ள ஐந்து கோடுகளும் கீழிருந்து மேலாக ஈ, ஜீ, பீ, டீ, எஃப்; நான்கு வெளிகளும் எஃப், ஏ, சீ, ஈ. இவ்வளவையும் மனத்தில் பதித்துக்கொண்ட பிள்ளை, ஒரு கீதப் புத்தகத்தை மெல்ல மெல்ல வாசிக்கத் தொடங்கலாம். பொதுவான இசைக்கு ஐந்து கோடுகள் நிலைத்துவிட்டன. ஆனால் திருச்சபையின் கிரகோரியன் கானம் இன்றும் நான்கு கோடுகளிலேயே அச்சாகிறது.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

அரெற்சோ நகரத்தார் 1882-ஆம் ஆண்டில் குயிதோவுக்குச் சிலை எழுப்பினர். அதே ஆண்டில் திருவழிபாட்டுப் பாடல்களை ஆராயும் மகாநாடு ஒன்றும் அங்கு கூடியது. 1952-இல் அவர் பெயரால் பாடகர் குழாங்களுக்கான சர்வதேசப் போட்டியும் அந்நகரில் ஆரம்பமாயிற்று. பாப்பரசர் புனித 10-ஆம் பத்திநாதர் 1903-இலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலும் திருவழிபாட்டு இசையைப் பற்றிப் பேசியபோது, பாடகர் குழாங்களைப் பேணவும் இசைக் கல்வியை வளர்க்கவும் வற்புறுத்தியதை வாசகர்கள் அறிவீர்கள்.

இன்று நம் கோவில்களில் என்ன நடக்கிறது? புதுப் பாட்டொன்று வந்தால், பதிவுசெய்த நாடாவிலோ, இப்போது கைத்தொலைபேசியிலோ பலமுறை கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணுகிறோம். ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்டு, அவர் பாடியதை இன்னொருவர் பாடி, மூன்றாம் ஆண்டில் மெட்டே மாறிவிடுகிறது. பாட்டை அறிந்த ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், பாட்டும் அவரோடு போய்விடுகிறது. இடம்பெயர்வுகளையும் இழப்புகளையும் கண்ட நம் சமூகத்துக்கு இதன் வேதனை புதிதன்று. நினைவில் மட்டும் வைத்திருந்த எத்தனை பாட்டுக்கள், அவற்றைப் பாடிய மூதாட்டிகளோடும் அண்ணாவிமாரோடும் மண்ணுக்குள் போய்விட்டன! எழுதி வைத்தவை மட்டுமே எஞ்சின.

ஆகையால் பெற்றோரே, பிள்ளை இசை வாசிக்கக் கற்க விரும்பினால் தடுக்காதீர்கள். அது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று எண்ணாதீர்கள். ஏழைச் சிறுவர்களுக்காக ஒரு துறவி கண்ட வழி அது. பாடகர் குழாங்களை நடத்துவோரே, தெரிந்ததைத் தெரியாதவருக்குக் கொடுக்கத் தயங்காதீர்கள். நேற்று வந்த சிறுமி நம்மிலும் நன்றாகப் பாடினால் மனம் சுருங்காதிருக்கட்டும். பொம்போசா மடத்திலே அன்று செய்த தவறு நம் பாடகர் மேடையிலும் நடக்கக்கூடியதே. ஆண்டவர் கொடுத்த தாலந்தை நிலத்தில் புதைப்பவன் மட்டுமன்று, பிறருடைய தாலந்தைப் புதைக்கப் பார்ப்பவனும் கணக்குக் கொடுக்க வேண்டியவனே.

பத்து ஆண்டு வருந்திக் கற்பித்த ஆசிரியர்களுக்காகவே மாணவர்கள் செபிக்கிறார்கள் என்றால், ஓரிரு ஆண்டில் அதைக் கற்றுக்கொள்ளப் போகும் பின்சந்ததியார் தமக்காகவும் தம் துணைவர்களுக்காகவும் எவ்வளவு செபிப்பார்கள் என்று குயிதோ அந்தக் கடிதத்தில் நம்பிக்கையோடு எழுதினார். அவர் கேட்ட கூலி அது ஒன்றே. திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் உயர்த்தவில்லை. ஆகவே இந்த ஞாயிறு கோவிலில் பாட்டுத் தொடங்கும்போது, ஐந்து கோடுகளை ஒருமுறை பார்த்து, அவருடைய ஆன்மாவுக்காகவும், முகங்கோணாது அவருக்குத் துணைநின்ற மிக்கேலின் ஆன்மாவுக்காகவும் ஒரு சிறு செபம் சொல்லுங்கள். ஆயிரம் ஆண்டுக் கடனில் நம் பங்கை நாமும் செலுத்தியவர்களாவோம்.